தோட்டத்தை விட வேண்டாம் அம்மா, விழுந்த காரணத்தைத் தேடுவோம்

கேள்வி: எனக்கு 71 வயது. மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். கணவர் காலமான பிறகு தனியாக இருக்கிறேன். மகன் சென்னையில், மகள் திருச்சியில். 14 வருடமாகச் சர்க்கரை, கூடவே பிரஷர், முழங்கால் வலி. கொல்லையில் கீரைப் பாத்தி, அவரைப் பந்தல், இரண்டு முருங்கை. மாடியில் பைகளில் கத்தரி, வெண்டை, தக்காளி. விடியற்காலை எழுந்து காபி குடித்து, இரண்டு மாத்திரையையும் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போனால் எட்டரை வரை வேலை சரியாக இருக்கும். அப்புறம்தான் குளித்து, சாமி கும்பிட்டுச் சாப்பிடுவேன். போன மாதம் குந்தி உட்கார்ந்து களை பறித்துவிட்டு எழுந்தபோது கண் இருட்டி, வேர்த்துக் கொட்டி விழுந்துவிட்டேன். மணிக்கட்டு வீங்கியது, எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. மகன் வந்து மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். "பத்து ரூபாய் கீரைக்கு இடுப்பை உடைச்சுக்கணுமா, வாக்கிங் போனாப் போதும்" என்கிறான். பாதம் வேறு கொஞ்ச நாளாக மரத்த மாதிரி இருக்கிறது. வெறுங்காலோடு மண்ணில் நடந்தால் சரியாகும், காலை வெயிலில் வைட்டமின் டி கிடைக்கும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். நான் தோட்டத்தை விட்டுவிட வேண்டியதுதானா டாக்டர்?

(மாத்திரைச் சீட்டின் படத்தையும் வாசகி அனுப்பியிருந்தார்.)

முதியோர் நல மருத்துவரின் பதில்:

அம்மா, தோட்டத்தை விட வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் விழுந்ததற்குக் காரணம் தெரியும்வரை குந்தி உட்கார்ந்து செய்யும் வேலையையும் மாடியேறுவதையும் நிறுத்தி வையுங்கள். இரண்டு மூன்று வாரம்தான். அந்த அளவில் உங்கள் மகன் செய்தது சரி. கதவைப் பூட்டியதோடு விஷயம் முடிந்தது என்று அவர் நினைத்தால் அதில் எனக்கு உடன்பாடில்லை. தோட்டத்தில் உங்களை விழவைத்த காரணம் குளியலறையிலும் விழவைக்கும், நடு இரவில் பாத்ரூமுக்கு எழும்போதும் விழவைக்கும். அங்கெல்லாம் பூட்டுப் போட முடியாது.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது உங்கள் காலை நேரம்தான். சீட்டில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த சர்க்கரை மாத்திரை ஒன்று இருக்கிறது. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது. அதனால்தான் அதை அன்றைய முதல் சாப்பாட்டோடு சேர்த்துப் போடச் சொல்கிறோம். நீங்களோ விடிந்ததும் போட்டுவிட்டு எட்டரைக்கு மேல் சாப்பிடுகிறீர்கள். நடுவே மண் கொத்துகிறீர்கள், தண்ணீர் தூக்குகிறீர்கள். வேலை செய்யும் தசை தானாகவே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். மருந்தும் வேலையும் சேர்ந்து, மூன்று மணி நேரம் சாப்பாடும் இல்லையென்றால் சர்க்கரை தாழ்ந்துபோகும். வேர்த்துக் கொட்டியது என்று எழுதியிருக்கிறீர்களே, அது தாழ்சர்க்கரையின் முக்கியமான அறிகுறி. கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, எரிச்சல், பேச்சுக் குழறல் ஆகியவையும் அந்த வகைதான்.

இரண்டாவது மாத்திரையில் தெல்மிசார்டனோடு ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மாத்திரை சேர்ந்திருக்கிறது. அது சிறுநீர் வழியாக உப்பையும் நீரையும் வெளியேற்றும். இரவு முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்து, காலையில் அரை டம்ளர் காபியோடு நீர் மாத்திரையையும் போட்டுக்கொண்டு வேலையில் இறங்கினால் உடலில் நீர் போதாது. அந்த நிலையில் வெகுநேரம் குந்தியிருந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் ரத்தம் கால் பக்கம் இறங்கி, மூளைக்குப் போகும் அளவு சில நொடிகளுக்குக் குறையும். இளம் வயதில் ரத்தக் குழாய்கள் உடனே சுருங்கிச் சமாளிக்கும். வயதானால், அதுவும் நாள்பட்ட சர்க்கரை இருந்தால், அந்தச் சுருக்கம் தாமதமாகும். கண் இருட்டியது அதனால் இருக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

இதை ஊகமாக விட்டுவிட வேண்டியதில்லை, அளந்தே பார்த்துவிடலாம். ஐந்து நிமிடம் படுத்திருந்து பிரஷர் பாருங்கள். பிறகு எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் எழும்போது அழுத்தம் விழுகிறது என்று பொருள். பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உங்கள் ஊருக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் பிரஷர் கருவி இருக்கும். வீட்டிலேயே உட்காரவைத்துப் பார்ப்பதோடு நிற்கவைத்தும் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரைக்கு ஒரு குளுக்கோமீட்டர் வாங்கித் தரச் சொல்லி மகனிடம் கேளுங்கள். ஒரு வாரம், வழக்கமாகக் கொல்லையில் இருக்கும் ஏழரை எட்டு மணி வாக்கில் ஊசி குத்திப் பார்த்து எழுதி வையுங்கள். 70க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் போங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், பாதியாக உடைக்கவும் வேண்டாம். அவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். என் வயதுக்கு, தாழ்சர்க்கரை வராத வேறு மருந்துக்கு மாறலாமா? நீர் மாத்திரை எனக்கு அவசியமா, ரத்தத்தில் சோடியம் பார்த்துவிடலாமா? எனக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c, சதவீதத்தில் சொல்வார்கள்) எவ்வளவு இருந்தால் போதும்? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நாற்பது வயதுக்காரருக்கு 7க்குக் கீழே கொண்டுவர முயல்வோம். பல நோய்களோடு தனியாக வாழும் எழுபது வயதுக்காரருக்கு 8 வரை விடுவதுகூட முறைதான். சர்க்கரை சற்றுக் கூடுதலாக இருப்பதைவிட ஒரு முறை தாழ்ந்து விழுவது முதுமையில் பெரிய ஆபத்து.

அதுவரை ஒரு மாற்றத்தை நாளைக்கே செய்யலாம். எழுந்ததும் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். ஏழு மணிக்குள் இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் கஞ்சியோ சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையை அதனோடு போடுங்கள். குளித்துச் சாமி கும்பிட்ட பிறகுதான் சாப்பாடு என்பது உங்கள் வழக்கம் என்றால் குளியலையும் பூஜையையும் முன்னால் கொண்டுவந்துவிடுங்கள். தோட்டத்து மண் பட்ட பிறகு கை கால் மட்டும் கழுவினால் போதாதா? இடுப்பில் ஒரு சுருக்குப் பையில் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ பொட்டலமாக இருக்கட்டும். உடம்பு ஒரு மாதிரி இருந்தால் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அதை வாயில் போட்டுக்கொள்ளுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை போடுங்கள். ஏறியதும் ஏதாவது சாப்பிட வேண்டும். கடலை மிட்டாயும் சாக்லேட்டும் இதற்கு உதவாது, அவற்றில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். அதே பையில் செல்போனும் இருக்கட்டும்.

உங்கள் மகனுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், இந்தப் பகுதியை அவருக்கு அனுப்பிவையுங்கள். தம்பி, உங்கள் பயம் நியாயமானது. இந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் முன்பு போல நடமாட்டம் திரும்பாமலே போகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் அந்த முறிவைத் தடுப்பது தொடைத் தசையும் சமநிலையும்தான். இரண்டுமே உபயோகித்தால்தான் இருக்கும். நல்ல ஆரோக்கியத்தில் இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஆய்வு 2007இல் வெளியானது. அந்தப் பத்து நாளில் அவர்களுடைய கால்களில் சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான தசை கரைந்துபோயிருந்தது. உங்கள் அம்மா படுக்கையில் இல்லை, ஆனால் டி.வி. முன்னால் நாற்காலியில் போகும் மாதங்களும் அந்தத் திசையில்தான் இழுக்கும். அது மட்டுமில்லை. தினமும் காலையில் எழ ஒரு காரணம், அக்கம்பக்கத்துக்கு ஒரு கட்டுக் கீரை கொடுக்கும் கை, அவரை காய்த்ததா என்று விசாரிக்க வரும் ஆட்கள், இத்தனையும் அந்தத் தோட்டத்தோடு வருகிறது. தனியாக இருக்கும் ஒரு பெண்மணியிடமிருந்து அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைப்பீர்கள்? பத்து ரூபாய்க் கீரை என்று கணக்குப் பார்க்காதீர்கள்.

அம்மா, இனி தோட்டத்தை உங்கள் உடம்புக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். இதுவரை தோட்டத்துக்கு ஏற்றபடி நீங்கள் வளைந்தீர்கள்.

முழங்கால் தேய்மானத்துக்குக் குந்தி உட்காருவதைவிடக் கெடுதலான நிலை இல்லை. சின்ன முக்காலியும் சரிப்படாது. உட்கார்ந்துவிடலாம், எழுவதுதான் கஷ்டம். உட்கார்ந்தால் தொடை தரைக்கு இணையாக இருக்கும் உயரத்தில், கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொல்லைக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். நான்கு காலும் மண்ணில் புதையாமல் இருக்க அடியில் ஒரு பலகை. கீரையைத் தரைப் பாத்தியிலிருந்து மேலே கொண்டுவாருங்கள். ஹாலோ பிளாக் கல்லை இரண்டு மூன்று அடுக்கு வைத்துக் கட்டினால் இரண்டடி உயரத்தில் ஒரு தொட்டி கிடைக்கும். அகலம் இரண்டடிக்கு மேல் வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்தபடி கை எட்ட வேண்டும். சிறுகீரையும் அரைக்கீரையும் வெந்தயக் கீரையும் அதில் நன்றாகவே வரும். தரையில் மிச்சமுள்ள செடிகளுக்குக் காய்ந்த இலையும் வைக்கோலும் பரப்பி மூடாக்குப் போட்டால் களை பாதியாகக் குறையும், தண்ணீரும் கம்மியாகப் போதும். ஆனால் கொல்லை மூடாக்கில் கையை நேராக விடாதீர்கள். முதலில் கம்பால் தட்டிப் பாருங்கள், பாம்பும் தேளும் வைக்கோலில் சுகமாகப் படுத்திருக்கும். களைக்கொத்துக்கு நீளமான மூங்கில் காம்பு போட்டுத் தரச் சொல்லுங்கள், நின்றபடியே கொத்தலாம்.

தண்ணீர்க் குடம் தூக்குவதை இன்றோடு விட்டுவிடுங்கள். பத்து லிட்டர் வாளி என்றால் பத்து கிலோ. முதுகை வளைத்து அதைத் தூக்கும்போது, எலும்பு மெலிந்த பெண்களுக்கு முதுகெலும்புக் கட்டை நசுங்கிவிடுவது உண்டு. பலருக்கு இடுப்புப் பிடிப்பு என்ற பெயரிலேயே அது கடந்துபோகிறது. கொல்லைக்குக் குழாயும் ஹோஸும் போதும். வேலை முடிந்ததும் ஹோஸைச் சுவரோரம் சுருட்டி மாட்டிவிடுங்கள், நடைபாதையில் கிடந்தால் அதுவே தடுக்கிவிடும். மாடியில் பூவாளியில் பாதி மட்டும் நிரப்பி இரண்டு நடையாக ஊற்றுங்கள். எலும்பைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன்: 65 வயதைத் தாண்டிய எல்லாப் பெண்களும் ஒருமுறை எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்துக்கொள்வது நல்லது. விழுந்து மணிக்கட்டில் அடிபட்ட உங்களுக்கு அது கட்டாயம் வேண்டும்.

முருங்கை விஷயத்தில் நான் கறாராக இருக்கப் போகிறேன். ஏணி, நாற்காலி, திண்ணை, எதன் மேலும் ஏறிக் காய் பறிக்கக் கூடாது. மரத்தை ஆளுயரத்துக்கு வெட்டிவிட்டால் பக்கக் கிளை விட்டுக் கைக்கு எட்டும் உயரத்திலேயே காய்க்கும். தொரட்டிக் கொம்பும் இருக்கிறது. ஆனால் அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னால் நகராதீர்கள்.

இனிப் பாதத்துக்கு வருவோம். நீங்கள் கடைசியில் எழுதிய வரி எனக்கு முதல் வரியைப் போலவே கவலை தருகிறது. வெறுங்காலோடு மண்ணில் நடந்தால் மரத்துப்போனது சரியாகும் என்பது தவறு. சர்க்கரையால் நரம்பு பாதித்துத்தான் பெரும்பாலும் பாதம் மரக்கிறது. மரத்த பாதத்தில் முள் குத்தினால் தெரியாது, கண்ணாடிச் சில்லு ஏறினால் தெரியாது, சித்திரை வெயிலில் கொதிக்கும் மாடித் தளத்தில் தோல் வெந்தாலும் தெரியாது. மாலையில் தரையில் ரத்தம் பார்த்துத்தான் புண்ணைக் கண்டுபிடித்தேன் என்று சொல்லும் நோயாளிகளை நான் பார்க்கிறேன். விரலை எடுக்கும் நிலைக்குப் போகிற பலருடைய கதை இப்படி ஒரு சின்னக் காயத்தில்தான் தொடங்குகிறது. ஆகவே வீட்டுக்குள்ளும் வெளியிலும் செருப்பில்லாமல் கால் வைக்காதீர்கள். குதிகாலில் பட்டை வைத்த எம்.சி.ஆர். செருப்பு (சர்க்கரை நோயாளிகளுக்கான மெத்தென்ற செருப்பு) வாங்குங்கள், சாதாரண ரப்பர் செருப்பு ஈரத்தில் வழுக்கும், காலை விட்டும் கழன்றுவிடும். தோட்ட வேலை முடிந்ததும் காலைக் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து அடிப்பாதத்தைப் பாருங்கள். கீறல் இருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதையும் அப்ப வேண்டாம், அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

மரத்துப்போவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவது உண்டு. அதுவும் பாதத்தை மரக்கச் செய்யும், நடை தள்ளாடும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் எளிது. டாக்டரிடம் கேட்க வேண்டிய பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள்? உங்கள் வயதுப் பெண்கள் பலரும் பிள்ளைப்பேற்றின் போது போட்டதோடு சரி. மண்ணில் கை வைப்பவர்களுக்குப் பத்து வருடத்துக்கு ஒருமுறை அது வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேட்டுப் பாருங்கள்.

மண்ணோடு வரும் காய்ச்சல்கள் இரண்டைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எலிச் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்து எலிக்காய்ச்சல் வரும். புதரில் இருக்கும் சிறு பூச்சி கடித்து ஸ்க்ரப் டைஃபஸ் வரும். கடித்த இடத்தில் வலியில்லாத கறுப்புப் பொருக்கு ஒன்று இருக்கும், மார்புக்கு அடியிலோ அக்குளிலோ ஒளிந்திருக்கும். காய்ச்சல் வந்து டாக்டரிடம் போனால் "நான் தோட்ட வேலை செய்கிறவள்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் இரண்டுக்கும் நல்ல மருந்து இருக்கிறது. தொட்டிகளுக்கு அடியில் வைக்கும் தட்டுகளில் தேங்கும் தண்ணீரை வாரத்துக்கு ஒருமுறையாவது கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள், டெங்கு கொசு வளர அது போதும்.

காலை வெயிலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர்கள், சூரியன் தாழ்வாக இருக்கும் காலை ஆறு ஏழு மணியில் மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்களைவிட நீளமாக விழும் நேரத்தில் பெரிதாக எதுவும் கிடைக்காது. அதற்காக நடுப்பகல் வெயிலில் போய் வேலை செய்யாதீர்கள். வயதானவர்களுக்குத் தாகம் தாமதமாகத் தெரியும். நீர் மாத்திரையும் சேர்ந்தால் வெப்ப மயக்கம் சுலபமாக வரும். ரத்தத்தில் அளவு பார்த்து, குறைவாக இருந்தால் டாக்டர் சொல்லும் அளவில் மருந்தாக எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. கடையில் சொந்தமாக வாங்கி வாராவாரம் போடுவதும் வேண்டாம், டி அதிகமானால் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வாக்கிங் போனால் போதுமா, தோட்ட வேலை உடற்பயிற்சியில் சேருமா என்பது உங்களுக்கும் மகனுக்கும் நடுவே உள்ள வழக்கு. 65 வயதைத் தாண்டியவர்களும் வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மூச்சு சற்று வாங்க, ஆனால் பேச முடிகிற அளவில் மண் கிளறுவதும் பெருக்குவதும் அந்தக் கணக்கில் சேரும். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்பது சேராது. அதோடு, தசை வலுவுக்கு வாரம் இரண்டு நாளாவதும், சமநிலையைப் பழக்கும் பயிற்சிக்கு மூன்று நாளாவதும் ஒதுக்கச் சொல்கிறது. இவை இரண்டும் வாக்கிங்கில் கிடைப்பதில்லை, தோட்டத்திலும் முழுதாகக் கிடைப்பதில்லை. தனியாகத்தான் செய்ய வேண்டும்.

சுவரோரம் நாற்காலியைப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். மகள் வரும்போது பக்கத்தில் நிற்கட்டும். உங்கள் வயதுப் பெண்ணுக்குப் பத்துக்குக் கீழே வந்தால் கால் வலு குறைவு, விழும் வாய்ப்பு அதிகம். அந்தச் சோதனையே பயிற்சியும்தான். கைப்பிடியைப் பிடித்தபடி காலையில் ஐந்து, மாலையில் ஐந்து என்று தொடங்கி, வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் கூட்டுங்கள். அடுப்பங்கரை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். ஒற்றைக் காலில் பத்து நொடி நின்று பழகுங்கள். முழங்கால் வலித்தால் விட்டுவிடாமல் பிசியோதெரபிஸ்ட்டைக் கேளுங்கள். நான் மேலே சொன்ன அரசுத் திட்டத்திலேயே வீட்டுக்கு வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் உண்டு.

பஞ்சகவ்யம், மண்புழு உரம் எல்லாம் தாராளமாகப் பயன்படுத்துங்கள், கையுறையோடு. கடையில் விற்கும் பூச்சிமருந்தை வாங்கித் தெளிக்காதீர்கள். வீட்டுக்கான கீரைக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் போதும். தென்னை நார்க் கழிவை நனைத்த பிறகு உதிருங்கள், உலர்ந்த தூள் மூச்சுக் குழாயைக் கெடுக்கும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது, சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் கீரை அளவை டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மாடிச் சாவி எப்போது திரும்பலாம்? எழுந்து நிற்கும்போது பிரஷர் விழவில்லை, ஒரு வாரமாகச் சர்க்கரை 70க்குக் கீழே போகவில்லை, நாற்காலியிலிருந்து எழும் கணக்குப் பத்தைத் தொட்டது, இந்த மூன்றும் நடந்ததும் கேளுங்கள். அதற்குள் மகன் செய்துவைக்க வேண்டியவை சில இருக்கின்றன. படிக்கட்டின் இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் பளிச்சென்ற வண்ணப் பட்டை. மாடியில் பாசி பிடித்த இடங்களை ஐப்பசி மழைக்கு முன்னால் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிட வேண்டும். உங்கள் மூக்குக் கண்ணாடியில் கீழ்ப்பாதி படிப்பதற்கானது என்றால், படியிறங்கும்போது கீழ்ப்படி மங்கலாகத்தான் தெரியும். தூரப் பார்வைக்கு மட்டும் தனியாக ஒரு கண்ணாடி வாங்கித் தரச் சொல்லுங்கள், கண்புரை இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். மாடிக்குப் போகும்போது புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள், கையில் எதையும் தூக்காதீர்கள். பறித்த காயைத் தோளில் மாட்டும் துணிப் பையில் போட்டுக்கொண்டால் ஒரு கை கம்பிக்கு இருக்கும்.